பக்கத்துச் சட்டகம் மாற்றும் நிறம்

நிறத்தையே கருப்பொருளாகக் கொண்டு பல ஓவியர்கள் இணைந்து நடத்தும் சமகால ஓவியக் கண்காட்சியில், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை மாட்டுவது என்ற முடிவே, பார்வையாளர் காணப்போகும் நிறத்தை ஓரளவு தீர்மானித்துவிடுகிறது.

நம் விழித்திரையில் உள்ள மூன்று வகைக் கூம்புச் செல்கள் முறையே ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அலைநீள ஒளியை மிக நன்றாக உணர்பவை. அடுத்த கட்ட நரம்புச் செல்கள் அவற்றின் சமிக்ஞைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா என்ற வேறுபாடுகளாக மாற்றுகின்றன. மூளையும் ஓரிடத்தின் நிறத்தைச் சுற்றியுள்ள பரப்போடு ஒப்பிட்டே கணிக்கிறது. அதனால் ஒரே சாம்பல் நிறச் சதுரம் சிவப்புப் பின்னணியில் சற்றே பச்சையாகவும், பச்சைப் பின்னணியில் செம்மை படர்ந்ததாகவும் தோன்றும். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் செவ்ரூல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, அதையடுத்து வரும் நிறங்களே காரணம் என்று கண்டறிந்து, 1839-இல் அதை விரிவான நூலாக வெளியிட்டார்.

இடத்தைப் போலவே காலமும் நிறத்தில் தலையிடுகிறது. சுவரளவு சிவப்புக் கேன்வாஸின் முன் அரை நிமிடம் கண்ணை நகர்த்தாமல் நின்றால், சிவப்பு போன்ற நீண்ட அலைநீள ஒளியை உணரும் கூம்புச் செல்களின் எதிர்வினை தளர்ந்துபோகும். அப்போது வெள்ளைச் சுவரைப் பார்ப்பவருக்கு நீலப்பச்சையான ஒரு பின்பிம்பம் தெரியும். வெளிர் சாம்பலில் தீட்டிய அடுத்த ஓவியத்தைப் பார்த்தால் அந்தச் சாயல் சிறிது நேரம் அதன்மேல் படிந்திருக்கும். நுணுக்கமான வெளிர் நிறங்களை நம்பி வரையும் ஓவியருக்கு இது பெரிய அநீதி. அத்தகைய படங்களுக்கு முன்னால் வெறும் சுவரைச் சில அடி விட்டுவைப்பது நல்லது.

விளக்கின் பங்கும் சிறியதன்று. கோபால்ட் நீலம் என்ற நிறமி, நீல ஒளியோடு அடர்சிவப்பு ஒளியையும் கணிசமாகப் பிரதிபலிக்கும். பிரஷ்ய நீலம் என்ற நிறமி அப்படிச் செய்வதில்லை. பகலொளியில் ஒன்றுபோலத் தெரியும்படி இவற்றைக் கலந்து தீட்டிய இரு நீலப் பரப்புகள், சிவப்பு மிகுந்த இழை விளக்கின் கீழ் பிரிந்து, கோபால்ட் கலந்தது ஊதாவை நோக்கிச் சாயும். எனவே பகலொளி வரும் கூடத்தில் தீட்டிய படத்தை, அது தொங்கப்போகும் விளக்கின் கீழேயும் ஒருமுறை ஓவியர் பார்த்துவிட வேண்டும்.

ஒளியின் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. எளிதில் வெளிறும் நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒளி குறையும்போது நிறங்களின் செறிவும் குறைந்து தெரிவதால், இரண்டையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து மாட்டினால் நீர்வண்ணம் சோர்ந்துபோனதாகத் தோன்றும். அவற்றைத் தனி அறையில் வைத்து, படிப்படியாக ஒளி குறையும் வழியில் பார்வையாளரை அழைத்துச் சென்றால், கண் மங்கலுக்குப் பழகியபின் அந்த நிறங்கள் மீண்டும் எடுப்பாகத் தெரியும்.