பில் இல்லாத டீசல் எங்கே கணக்கில் இடிக்கும்?

சங்ககிரி, ஓமலூர் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்தப் பேச்சு பழக்கமாகத்தான் இருக்கும்: "லிட்டருக்கு நாலஞ்சு ரூபா குறைச்சுத் தர்றோம்ணே, பில் மட்டும் கேக்காதீங்க." நான் மாநில அரசின் வரி வருவாயைத் தணிக்கை செய்யும் பணியில் இருப்பவன். அந்த நாலைந்து ரூபாய் யாருடையது என்பது எனக்குத் தெரியும். அதை வண்டி ஓட்டுபவர்களும் வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தணிக்கை என்றால் நாங்கள் பங்க்கில் போய் நின்று யாரையும் பிடிப்பதில்லை. வணிகவரி அலுவலகத்தில் உட்கார்ந்து, துறை முடித்து வைத்த கோப்புகளை மறுபடி திறந்து பார்ப்போம். வரி குறைவாக வசூலாகியிருந்தால் துறைக்கு எழுதுவோம். சரியான பதில் வராத பெரிய விஷயங்கள் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கையில் ஏறிச் சட்டமன்றம் வரை போகும். அங்கே பொதுக் கணக்குக் குழு கேள்வி கேட்கும்.

பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசின் எக்சைஸ் வரி போக, தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டம், 2006-இன்படி மாநில வரி உண்டு. இந்த வரி மாநிலத்துக்குள் நடக்கும் முதல் விற்பனையில், அதாவது எண்ணெய்க் கம்பெனி பங்க்குக்கு விற்கும்போதே வசூலாகிவிடுகிறது. பங்க்காரர் நமக்கு விற்பது இரண்டாவது விற்பனை, அதற்கு மறுபடி வரி கிடையாது. ஆனால் அவர் விற்ற ஒவ்வொரு லிட்டருக்கும் முதல் விற்பனையில் வரி கட்டப்பட்டதைக் காட்டும் இன்வாய்ஸ் இருக்க வேண்டும்.

2020 மே வரை இந்த வரி முழுக்கச் சதவீதக் கணக்குதான்: பெட்ரோலுக்கு 34, டீசலுக்கு 25. அந்த மாதம் முறை மாறியது. பெட்ரோலுக்கு 15 சதவீதத்தோடு லிட்டருக்கு 13.02 ரூபாய், டீசலுக்கு 11 சதவீதத்தோடு 9.62 ரூபாய் என்று ஆனது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மட்டும் 13 சதவீதமும் 11.52 ரூபாயுமாகக் குறைத்தார்கள். எங்கள் வேலையில் இது பெரிய மாற்றம். விலையைக் குறைத்துக் காட்டினாலும் லிட்டருக்கான தொகை குறையாது. வரியை மறைக்க நினைப்பவர் லிட்டரையே மறைத்தாக வேண்டும். அதனால் கோப்பில் ரூபாயைப் பார்ப்பதற்கு முன் லிட்டரைத்தான் பார்க்கிறேன்.

லிட்டரை மறைப்பது நினைப்பதுபோல் எளிதல்ல. பங்க் மெஷினில் டோட்டலைசர் என்று ஒரு மீட்டர் உண்டு, அது ஏறுமே தவிர இறங்காது. நேற்றைய ரீடிங்கை இன்றையதிலிருந்து கழித்து, காலையில் ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தொட்டியிலேயே திரும்ப ஊற்றியதையும் கழித்தால் விற்பனை வந்துவிடும். தொட்டிக்குள் விட்டு ஆழம் பார்க்கும் கம்பியான டிப் ராடு அளவு தொட்டி இருப்பைச் சொல்லும், கம்பெனி இன்வாய்ஸ் வரவைச் சொல்லும். துறை ஆய்வுக்குப் போன பங்க்கின் கோப்பில் இந்த மூன்றும் இருந்தால் போதும். வாங்கியதைவிட விற்றது அதிகம் என்றால், கூடுதல் சரக்கு வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

இதில் அவசரப்பட்டு யார்மீதும் பழி போடவும் கூடாது. ஏற்காடு மலைமேல் இருக்கும் பங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வெயிலில் கீழே நிரப்பிய 12,000 லிட்டர் பெட்ரோல், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் இறங்குகிறது. பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். பத்து டிகிரி குளிர்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் குறையும். ஒரு சொட்டுகூட யாரும் எடுத்திருக்க வேண்டியதில்லை. இதனால்தான் அடர்த்தியை 15 டிகிரிக்கு மாற்றி ஒப்பிடுகிறார்கள். இன்வாய்ஸில் உள்ள அடர்த்திக்கும் லாரியில் வந்திருப்பதற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரக்கை இறக்கவே கூடாது. அடர்த்தி சரியாக இருந்து அளவு மட்டும் கொஞ்சம் குறைந்தால் குளிர் காரணமாக இருக்கலாம். அடர்த்தியே மாறியிருந்தால் கலப்படமா என்று கேட்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கோப்பில் எழுதும் ஒரு வரி நேர்மையான வியாபாரியை வருஷக்கணக்கில் அலைய வைத்துவிடும்.

பெரிய ஓட்டை பங்க்கில் இல்லை, மொத்தமாக வாங்கும் இடத்தில்தான் இருந்தது என்பது என் எண்ணம். ஜிஎஸ்டி வந்த பிறகும் சில ஆலைகளும் சுரங்கங்களும், வெளிமாநிலச் சரக்குக்கு வரிச் சலுகை பெற வாங்குபவர் கொடுக்கும் சி படிவத்தைக் கொடுத்து, வெளிமாநில டீசலை 2 சதவீத மத்திய விற்பனை வரியில் வாங்கின. துறை மறுத்தபோது, 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் வாங்குபவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு 2021 நிதிச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து அந்த வழியை அடைத்தார்கள். ஆக அந்தக் காலத்துச் சி படிவத்தைத் தவறு என்று எழுத முடியாது. தேதியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு ஓட்டை பயோடீசல் என்ற பெயரில் வருகிறது. உண்மையான பயோடீசல் தாவர எண்ணெயிலிருந்தும் பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தும் வருவது, ஜிஎஸ்டிக்குள் அடங்குவது. அதை டீசலில் கலப்பதற்காக விற்க, 2019-இல் மத்திய அரசு வகுத்த விதிமுறைகள் உண்டு. பைபாஸ் ஓரத் தகரக் கொட்டகையில் பேரலிலிருந்து ஊற்றுவது பெரும்பாலும் ஏதாவது தொழிற்சாலை எண்ணெயாக இருக்கும். அந்த எண்ணெய் டீசல் வரியைக் கட்டாமல் டீசல் வேலையைச் செய்கிறது. லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவது இதனால்தான். பிஎஸ்-6 வண்டியின் இன்ஜெக்டரும் புகை வடிகட்டியும் கந்தகம் பத்து பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்து பங்கு) மேல் போகாத டீசலுக்காகச் செய்தவை. அவை கெட்டால் ஆகும் செலவு லிட்டருக்கு மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

லாரி உரிமையாளர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: உங்கள் டிரிப் ஷீட்டும் ஒரு சாட்சி. ஈ-வே பில்லில் வண்டி எங்கே போனது என்று இருக்கிறது, டோல் பதிவில் எப்போது கடந்தது என்று இருக்கிறது. பாரம் ஏற்றிய பெரிய வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் போவதே அபூர்வம். கணக்குப் புத்தகத்தில் உள்ள டீசலை வைத்து எட்டு கிலோமீட்டர் வருகிறது என்றால், பாக்கி டீசல் எங்கே வாங்கியது என்ற கேள்வி வரும். அதிகாரி சந்தேகப்பட்டு வருவதில்லை, வகுத்துப் பார்த்துவிட்டு வருகிறார். ஓசூர் தாண்டிப் போகும்போது கர்நாடகத்தில் விலை குறைவென்று உங்கள் வண்டி டேங்க்கை நிரப்பி ஓட்டுவதில் தப்பே இல்லை. அதே டீசலைப் பேரலில் கொண்டுவந்து இங்கே விற்பதுதான் குற்றம்.

பில் வாங்கும்போது வண்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். தேதி, லிட்டர், விலை மூன்றும் தெளிவாக இருக்கட்டும். பங்க் பில்லின் மை சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதில் 25 மில்லி வரைதான் கூடக் குறைய இருக்கலாம். அதைவிடக் குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். பில்லே தர மறுத்தால் அது வணிகவரி அலுவலகத்துக்கான புகார். இடமும் தேதியும் குறித்து அனுப்புங்கள்.