இரு பண்பாடுகளுக்கு நடுவே வளரும் பிள்ளை எதைச் சுமக்கிறது?

பள்ளி உளவியல் ஆலோசகராக நான் சந்திக்கும் மாணவர்களில், வீட்டில் ஒரு பண்பாட்டிலும் வகுப்பறையில் வேறொரு பண்பாட்டிலும் வளர்பவர்களைப் பற்றி, ஒன்றோடொன்று பொருந்தாத இரு குறைகளை அடிக்கடி கேட்கிறேன். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்பார் ஆசிரியர். வீட்டில் எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார் தாய். இருவரும் ஒரே பிள்ளையைத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளை நடிக்கவில்லை. பெரியவர் பேசும்போது பார்வையைத் தாழ்த்திக்கொள்வது மரியாதை என்று கற்றவள், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வதே நேர்மை என்று கருதும் இடத்துக்குத் தினமும் காலையில் போகிறாள். இதனால் எந்த வழக்கமும் இயற்கையானதன்று, அது மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்ற, பிறர் வளர்ந்த பிறகே உணரும் உண்மை அவளுக்குச் சிறு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு கருத்தைக் கேட்டதும் மறுபக்கம் இதை எப்படிப் பார்க்கும் என்று எண்ணும் பழக்கம் இத்தகைய மாணவர்கள் பலரிடம் இருப்பதை நான் பார்க்கிறேன். அதைக் கல்விக்குக் கிடைத்த பெரும் செல்வமாகவே கருதுகிறேன்.

ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பெரியவர்கள் நெருக்கும்போது அதுவே வேதனையாகிறது. உளவியலாளர் ஜான் பெரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 13 நாடுகளில், 5,000க்கும் மேற்பட்ட குடியேறிய குடும்பத்து இளையோரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரு பண்பாடுகளோடும் உறவைப் பேணியவர்களே மனநலத்திலும் பள்ளி வாழ்விலும் மொத்தத்தில் நன்றாக இருந்தார்கள். வீட்டு மொழியை விட்டால்தான் பிள்ளை முன்னேறும் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மொழியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய மொழியில் சரளமாக உரையாட ஏறத்தாழ 2 ஆண்டுகள் போதும் என்றாலும், பாடநூலின் மொழியில் சக மாணவர்களுக்கு இணையாக வர 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பதைக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் விளக்கியுள்ளார். இந்த இடைவெளியை அறியாதவர்கள், விளையாட்டு மைதானத்தில் கலகலப்பாகப் பேசும் பிள்ளை தேர்வில் தடுமாறுவதைச் சோம்பலாகவோ கற்றல் குறைபாடாகவோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவதுதான். ஒரு சந்திப்பில் ஆசிரியர் நெடுநேரம் பேசியதை மாணவி ஒரே வரியில் தாயிடம் சொன்னாள். தாய் தயங்கித் தயங்கிச் சொன்னதையும் அப்படியே சுருக்கினாள். அவள் பொய் சொல்லவில்லை. எந்தப் பக்கம் எதைத் தாங்கும் என்று கணித்து, இரு தரப்பின் மனமும் நோகாமல் காக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டிருந்தாள். பெரியவர்களுக்கே கடினமான அந்த வேலை, அவளுடைய மதிப்பெண்களைப் பற்றிய பேச்சிலேயே அவள் தலையில் விழுந்திருந்தது.

அடுத்த சந்திப்புக்கு மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்து, மாணவியை வெறுமனே மகளாக உட்காரவைத்தோம். தாய் மதிப்பெண்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இவளுக்கு இங்கே தோழிகள் இருக்கிறார்களா?" என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருந்தது.