மூடி மேல நெருப்பு: டச்சு அவன்ல பீச் காப்ளர் எப்டி வேகுது

டச்சு அவன்ங்கற மூடி போட்ட இரும்புச் சட்டில, கேம்ப் கங்குல நான் முதல்தடவ பண்ண பீச் பழக் காப்ளர ஒருத்தரும் ரெண்டாவது வாய் வைக்கல. அடியில தார் ரோடு போட்ட மாதிரி கறுப்பா ஒட்டிக்கிச்சு, நடுவுல பழம் பரவால்ல, மேல மாவு மட்டும் பச்சையா வழவழன்னு அப்டியே கிடக்கு. காரணம் ரொம்ப சிம்பிள், அடுப்புன்னா நெருப்பு கீழதான் இருக்கணும்ங்கற பழக்கத்துல கங்கு மொத்தத்தையும் அடியில தள்ளிட்டு மூடி மேல பேருக்கு நாலு துண்டு வெச்சிருந்தேன். பக்கத்துல கேம்ப் போட்டிருந்த, அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துக்காரத் தாத்தா ஒருத்தர் எட்டிப்பாத்துட்டு, நெருப்ப தலைகீழா வெச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த ஒரு வரிக்குள்ளதான் இந்த சமையலோட பிசிக்ஸ் முழுக்க இருக்குன்னு புரிய எனக்கு ரெண்டு சீசன் ஆச்சு.

காப்ளர் தெரியாதவங்களுக்கு: அடியில சர்க்கரையும் கொஞ்சம் கார்ன்ஃப்ளாரும் பெரட்டுன பழத்துண்டு, மேல வெண்ணெய், மைதா, பால், பேக்கிங் பவுடர் கலந்த மாவு, அவ்ளோதான். இங்கிலாந்துல இருந்து அமெரிக்கா வந்தவங்க ஊர்ல பண்ணிட்டிருந்த புட்டிங்குக்கு சாமான் கெடைக்காம கைல இருந்தத வெச்சு உருட்டுன பண்டம். மாட்டு மந்தை ஓட்டிட்டுப் போன கவ்பாய் காலத்துல காய்ஞ்ச பீச்லயே பண்ணிருக்காங்க. யூட்டால ப்ரிகம் சிட்டி பக்கம் ரோட்டோரக் கடைல ஆகஸ்ட் கடைசில பீச் பழம் கூடை கூடையா வரும், அத வாங்கி கார்ல போட்டுட்டு மலையேறுறதுதான் எங்க வழக்கம்.

பாத்திரம்தான் விசேஷம். கேம்ப்புக்குன்னு இருக்கற டச்சு அவன் வார்ப்பிரும்புல செஞ்சது, கீழ மூணு கால், மூடி தட்டையா இருக்கும், மூடி ஓரத்துல கங்கு உருண்டு விழாம ஒரு வரப்பு. வீட்ல வெச்சிருக்கோமே கலர் எனாமல் பூசுன டச்சு அவன், அத எடுத்துட்டுப் போய்டாதீங்க, மூடி வளைவா இருக்கும், கங்கு நிக்காது. 1707-ல ஆப்ரஹாம் டார்பிங்கற ஆங்கிலேயர் மணல் அச்சுல இரும்புப் பானை வார்க்கற முறைக்கு பேட்டன்ட் வாங்குனாரு, அதுக்கப்புறம்தான் இந்த மாதிரி பானை சல்லிசா கெடைக்க ஆரம்பிச்சுது. யூட்டால இதுக்கு இருக்கற மரியாதை தனி, 1997-ல மாநிலத்தோட அதிகாரபூர்வ சமையல் பாத்திரம்னே அறிவிச்சுட்டாங்க (மாநிலப் பறவை, மாநில மரம் வரிசைல ஒரு சட்டி!).

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஒரே பானைக்குள்ள ரெண்டு வேற வேற வேலை நடக்கணும். கீழ பழம் கொதிக்கணும். மேல மாவு பேக் ஆகணும். பழம் பெரும்பாலும் தண்ணி, தண்ணி இருக்கற வரைக்கும் அது 100 டிகிரிய பெருசா தாண்டாது, எவ்ளோ நெருப்பு குடுத்தாலும் அது ஆவியாத்தான் போகும். ஆனா பானையோட அடித்தட்ட ஒட்டியிருக்கற சாறு கெட்டியாயி சர்க்கரைப்பாகா மாறிட்டா அந்த 100 டிகிரி காவல் போயிடும், அந்த எடம் மட்டும் சரசரன்னு சூடேறி 170, 180-ன்னு போயி சர்க்கரை கருக ஆரம்பிச்சுடும். அதனால அடியில சாறு கொதிச்சுட்டே இருக்கற அளவுக்கு மட்டும் நெருப்பு போதும். மாவுக்கு அது பத்தாது. அது பொன்னிறமா ஆகணும்னா மேல்தோல் காய்ஞ்சு 140 டிகிரிக்கு மேல போகணும், அப்பதான் மெய்லார்ட் வினை வேகம் பிடிக்கும், அதாவது மாவுல, பால்ல இருக்கற புரோட்டீனும் சர்க்கரையும் சேர்ந்து அந்த நெறத்தையும் வாசனையையும் குடுக்கறது.

அந்த மேல் சூடு எப்டி வருதுங்கறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. கீழ இருந்து சூடு பண்ணா சூடான காத்து மேல கிளம்பும், குளிர்ந்தது கீழ வரும், ஒரு சுழற்சி ஓடும். மேல இருந்து சூடு பண்ணா சூடான காத்து ஏற்கனவே மேலதான் இருக்கு, அது எறங்காது, அங்கயே போர்வை மாதிரி படுத்துக்கும். அப்போ மூடில இருந்து மாவுக்கு சூடு எப்டி வரும்? பெரும்பகுதி கதிர்வீச்சுல. மூடியோட உள்பக்கம் சூடாகி அகச்சிவப்புக் கதிரா கீழ பொழியுது, நல்லா எண்ணெய் காட்டிப் பழக்குன கறுப்பு வார்ப்பிரும்பு இதுல கெட்டி, பளபளன்னு இருக்கற அலுமினியம் மூடி இந்த விஷயத்துல சோம்பேறி. கதிர்வீச்சு வெப்பநிலையோட நாலாவது அடுக்குல ஏறும் (கெல்வின்ல கணக்குப் பண்ணணும்), அதனால மாவோட மேல்பரப்பு 100 டிகிரில இருக்குன்னு வெச்சுக்கிட்டு கணக்குப் போட்டா, மூடி 180-ல இருந்து 230-க்குப் போனாலே மாவுக்கு நிகரமா வந்து சேர்ற கதிர்வீச்சு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுது. ரெண்டு கங்கு கூட வெச்சா ஏன் திடீர்னு மேல செவந்து போகுதுன்னு இப்ப புரியுதா.

ஆனா மூடி மேல வெச்ச கங்கோட சூடு பாதிக்கு மேல வானத்துக்குத்தான் போகுது, ஏன்னா அதோட சூடான காத்து மேல போயிடுது. கீழ இருக்கற கங்குக்கு அந்த நஷ்டம் இல்ல, அதோட சூடு மேல கிளம்புனா நேரா பானைலதான் முட்டும். அதான் மூடி மேல ரெண்டு பங்கு, கீழ ஒரு பங்கு. தம் பிரியாணிக்கு மூடி மேல கங்கு அள்ளிப் போடறது இதே யோசனைதான், அங்க செவக்க வைக்க வேண்டாம் ஆவிய உள்ள நிறுத்துனா போதும், அதனால கணக்கு அவ்ளோ கறாரா தேவைப்படல.

கணக்குன்னு சொன்னேன்ல, அது சார்கோல் பிரிக்கெட் வந்தப்புறம்தான் சாத்தியம். கரித்தூள ஸ்டார்ச் பசையோட பிசைஞ்சு தலகாணி வடிவத்துல அழுத்தறது பிரிக்கெட். 1897-லயே எல்ஸ்வொர்த் ஸ்வாயர்ங்கறவர் இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு, ஆனா ஊர் முழுக்கப் பரவ வெச்சது 1920-கள்ல ஹென்றி ஃபோர்டு, கார் பாகங்களுக்கு மரம் அறுத்து மிச்சமான துண்டுகள வீணாக்க மனசில்லாம மிச்சிகன்ல ஆலை போட்டு கரியாக்கி வித்தாரு. எல்லா பிரிக்கெட்டும் ஒரே சைஸ், ஒரே மாதிரி எரியும், அதனால நெருப்ப எண்ணலாம்! பானையோட விட்டத்த இஞ்ச்ல எடுத்து ரெண்டால பெருக்கு, அதான் மொத்த எண்ணிக்கை, சுமார் 175 டிகிரி வரும். 12 இஞ்ச் பானைன்னா 24, மேல 16, கீழ 8. விறகுக் கங்குல இது நடக்காது, ஒண்ணு நெல்லிக்காய் சைஸ் ஒண்ணு தேங்காய் சைஸ், அங்க அனுபவமும் மூக்கும்தான்.

கீழ வைக்கற 8-ஐ நடுவுல குவிக்காம ஓரமா வட்டமா வைக்கணும். வார்ப்பிரும்பு சூட்ட சமமாப் பரப்பும்னு எல்லாரும் சொல்வாங்க, உண்மைல அது சுமாரான கடத்திதான், அலுமினியத்தோட ஒப்பிட்டா கால்வாசி வேகத்துலதான் சூடு நகரும். அதோட பலம் வேற, எடை. 12 இஞ்ச் பானை எட்டு ஒம்போது கிலோ இருக்கும், ஒருதடவ சூடேறிட்டா ஒரு காத்து அடிச்சதுக்கெல்லாம் சட்டுன்னு எறங்காது. ஆனா கங்கு இருக்கற எடத்துக்கு நேரா சூட்டுப்புள்ளி விழத்தான் செய்யும், காத்து வர்ற பக்கத்துக் கங்கு வேற ஆக்சிஜன் கூடக் கெடைச்சு வேகமா எரியும், அதனால பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ பானைய கால்சுத்து ஒரு பக்கம், மூடிய கால்சுத்து எதிர்ப்பக்கம் திருப்பறாங்க. மூடியத் தெறக்காம திருப்பணும். தெறந்தா சூடான ஆவியும் போகும், மாவுக்கு மேல இருந்த கதிர்வீச்சுக் கூரையும் போகும், கூடவே சாம்பல் உள்ள கொட்டும்.

மலைல இன்னொரு சிக்கல். யூட்டால யூயின்டா மலைல இருக்கற மிரர் லேக்ங்கற ஏரி கிட்டத்தட்ட 3050 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க தண்ணி 90 டிகிரிலயே கொதிச்சுடும், பீச் மெத்துன்னு ஆக ரொம்ப நேரம் எடுக்கும். காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல 70 சதவீதம்தான், கங்குக்கும் ஆக்சிஜன் கம்மி, நான் மூணு நாலு பிரிக்கெட் கூட வைப்பேன். பேக்கிங் பவுடர மட்டும் கொறைக்கணும், டபுள் ஆக்டிங் பவுடர் ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மிச்சம்னு ரெண்டு தவணைல கார்பன் டை ஆக்சைட விடும், அழுத்தம் கம்மியான எடத்துல அந்தக் குமிழி அளவுக்கு மீறி ஊதி, மாவு வெந்து கெட்டியாகறதுக்குள்ள ஒடைஞ்சு அமுங்கிடும்.

ராத்திரி குளுருதேன்னு மிச்சக் கங்க டென்டுக்குள்ள கொண்டுபோறவங்கள பாத்திருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம். புகையே இல்லாம எரியற கரியும் கார்பன் மோனாக்சைட் விடும், அதுக்கு வாசனை கெடையாது, தூக்கத்துலயே ஆள முடிச்சுடும். பானை சூடா இருக்கறப்ப பச்சத்தண்ணி ஊத்தறதும் அதே லிஸ்ட்டு, ஒருபக்கம் மட்டும் சட்டுன்னு சுருங்கி இரும்பு விரிசல் விட்டுடும். மிச்ச காப்ளர பானைலயே விடியவிடிய விட்டுடாதீங்க, பழப்புளிப்பு எண்ணெய்ப் பூச்ச அரிச்சு காலைல துருப்பிடிச்ச ஆணி வாசம் வரும்.

வெந்துச்சான்னு பாக்கறதுக்கு முக்கா மணி நேரம் கழிச்சு ஒரேஒரு தடவ தெறப்பேன். ஓரத்துல சாறு கொதிச்சா பத்தாது, நடுவுலயும் மாவப் பொத்துக்கிட்டு கெட்டியாக் குமிழி வரணும், கார்ன்ஃப்ளார் ஸ்டார்ச் 65, 70 டிகிரிலதான் தண்ணி குடிச்சு உப்ப ஆரம்பிக்கும், சர்க்கரை சேர்ந்தா அதுக்கும் மேல போகணும். அப்பவும் பாத்தா சாறு தண்ணியாத்தான் தெரியும், உப்புன ஸ்டார்ச் ஆறுனாத்தான் வலை மாதிரி பின்னிக்கிட்டு சாற கட்டும். அதுக்கு இருபது நிமிஷம் வேணும். அந்த இருபது நிமிஷம் எங்க கேம்ப்ல இதுவரைக்கும் ஒருதடவகூட கெடைச்சதில்ல, கரண்டியோட அஞ்சு பேர் நின்னுட்டிருப்பாங்க, முதல் ரவுண்டு எல்லாருக்கும் கஞ்சிதான், கடைசியா வர்றவங்களுக்குத்தான் நெஜ காப்ளர்.