ஸ்ட்ராஸ்பர்கின் மரத்தூணும் மரப்பீப்பாயும்

பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைக் குடும்பத்தோடு ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். காலையில் கால்வாயில் படகு, மதியம் தேவாலயம், மாலையில் ஒயின் நிலவறை. பலரும் போடும் திட்டம் இதுதான். தேவாலயத்துக்கு அடியில் மண்ணுக்குள் ஊன்றிய மரங்கள் நூற்றாண்டுகள் தாங்கியதற்கும், நிலவறையில் 1472-ம் ஆண்டு ஒயின் இன்றும் ஒயினாகவே இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான் என்பது தெரிந்தால், அந்த ஒரு நாளை வேறு கண்ணோடு பார்க்கலாம். இரண்டு இடத்திலும் காற்றை வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் காற்று உள்ளே புகுந்துவிட்டது. அந்தக் கதையும் சொல்ல வேண்டும்.

பழைய நகரம் ஒரு தீவு. ஈல் ஆறு இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. 1988-ல் யுனெஸ்கோ இந்தத் தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தென்மேற்கு மூலையில் பெத்தித் பிரான்ஸ் என்ற பகுதி. முன்பு தோல் பதனிடுபவர்கள் வாழ்ந்த இடம். இங்கே ஆற்று மட்டம் சட்டென்று சுமார் இரண்டு மீட்டர் இறங்குவதால் படகு நேராகப் போக முடியாது. முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு தொட்டிக்குள் நுழைந்து நிற்கும். பின் கதவு மூடியதும் மேல்மட்டத்து நீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகு உயரும், மட்டம் சமமானதும் முன் கதவு திறக்கும். பம்பு எதுவும் கிடையாது, எல்லா வேலையையும் புவியீர்ப்பே பார்த்துக்கொள்கிறது. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல இயற்பியல் வகுப்பு அமையாது.

கொஞ்சம் மேலே போனால் 1690 வாக்கில் கட்டி முடித்த வோபான் அணை. எதிரிப் படை வந்தால் வளைவுகளை அடைத்து ஆற்றைத் தேக்கி, நகரின் தெற்கே உள்ள நிலத்தையெல்லாம் வெள்ளக்காடாக்குவதற்காகக் கட்டியது. 1870-ல் ஜெர்மானியப் படை நகரை முற்றுகையிட்டபோது அப்படியே செய்தார்கள். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கித்தான் இந்த ஊர் பிழைத்திருக்கிறது.

சரி, தேவாலயத்துக்கு வருவோம். வோஜ் மலையின் இளஞ்சிவப்பு மணற்கல்லால் கட்டிய நோத்ர தாம் பேராலயத்தின் கோபுரம் 1439-ல் முடிந்தது. உயரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். ஆனால் அடியில் பாறை கிடையாது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் களிமண்ணும்தான். 1015-ல் தொடங்கிய முந்தைய ஆலயத்துக்காக மரக்கட்டைகளை நெருக்கமாக மண்ணில் அடித்து இறக்கி, அதன்மேல் கல் அடித்தளம் போட்டிருந்தார்கள். இன்று பொறியாளர்கள் பைல் போடுவது என்று சொல்வது இதைத்தான். பிற்காலத்தில் அந்தப் பழைய அடித்தளத்தின் மீதே புதிய ஆலயத்தையும் எழுப்பினார்கள்.

மரம் ஈரத்தில் மக்கிவிடாதா? எல்லோருக்கும் வரும் கேள்விதான். மரத்தை மக்கவைப்பது பூஞ்சை. அதற்கு ஈரம் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. நிலத்தடி நீருக்குக் கீழே, களிமண் இறுகப் பிடித்த கட்டையைச் சுற்றி இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதன்பின் பூஞ்சை பிழைக்க வழியில்லை. சில பாக்டீரியாக்கள் மட்டும் மிக மெதுவாக மரத்தை அரிக்கும். அதற்கு நூற்றாண்டுகள் ஆகும். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே மிதக்கிற வரை பூஞ்சை பிடிக்காது. எண்ணெய் இறங்கி மாங்காய்த் துண்டு வெளியே தலைகாட்டினால், பிடிப்பது அந்தத் துண்டில்தான். மரக்கட்டைக்கும் அதே விதி.

அந்த எண்ணெய் இங்கே இறங்கிவிட்டது. 1817-ல் துல்லா என்ற ஜெர்மானியப் பொறியாளர், நகருக்குப் பக்கத்தில் ஓடும் ரைன் ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். நேரான ஆறு வேகமாக ஓடும், வேகமாக ஓடும் ஆறு தன் படுகையைத் தோண்டும், படுகை தாழ்ந்தால் சுற்றுவட்டார நிலத்தடி நீரும் கூடவே தாழும். தேவாலயத்தின் அடியில் அதுவரை நனைந்தே இருந்த கட்டைகளின் தலைப்பகுதி காற்றுக்கு வந்தது, மக்கத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோபுரத்தின் பாரத்தைத் தாங்கும் வடக்குத் தூணில் விரிசல்கள் இருப்பதை ஆலயத்தின் கட்டடக் கலைஞர் யொஹான் க்னௌட் கவனித்தார்.

அவர் செய்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. தூணைச் சுற்றிக் கான்கிரீட் உறை போட்டு, நீரழுத்த ஜாக்கிகளால் பாரத்தைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடித்து, பழைய அடித்தளத்தின் இடத்தில் புதிய கான்கிரீட் அடித்தளம் போடும் திட்டம். மேலே கோபுரம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. இடையில் முதல் உலகப் போர் வந்தது. அதுவரை ஜெர்மனியிடம் இருந்த நகரம் பிரான்சின் கைக்குப் போனதும் ஜெர்மானியரான க்னௌட் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1924-ல் அவர் இறந்தார், பணி 1926-ல் முடிந்தது. கோபுரத்தைக் காப்பாற்றிய மனிதர் அது முடிந்ததைப் பார்க்கவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் அப்போஸ்தலர் பொம்மைகள் வலம் வருவதைப் பார்க்க 12.30-க்குக் கூட்டம் கூடும். கடிகாரத்தைப் பொறுத்தவரை அது நண்பகல். ஸ்ட்ராஸ்பர்கின் தீர்க்கரேகைப்படி சூரியன் உச்சிக்கு வருவது, மத்திய ஐரோப்பிய நேரத்தின் 12 மணிக்குச் சராசரியாக அரை மணி கழித்துத்தான். அந்த உள்ளூர் நேரத்தைத்தான் அது காட்டுகிறது.

அப்புறம் நிலவறை. தேவாலயத்திலிருந்து தெற்கே நடந்தால் நகர மருத்துவமனை. அதன் அடியில் 1395-ல் தொடங்கிய ஒயின் நிலவறை. அந்தக் காலத்தில் சிகிச்சைக்குக் கட்டணமாகவும் காணிக்கையாகவும் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள், அப்படி வந்த ஒயினைச் சேமித்த இடம். கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பீப்பாயில் 1472-ன் வெள்ளை ஒயின் இருக்கிறது. அதைப் பரிமாறியது மூன்றே முறை. முதல் முறை 1576-ல். சூரிச் நகரத்தார், ஆபத்து வந்தால் ஒரே நாளில் உதவிக்கு வந்துவிடுவோம் என்று காட்டுவதற்காக, சுடச்சுட தினைக் கஞ்சிப் பானையோடு ஆற்று வழியே படகில் வந்தார்கள். இறங்கும்போது கஞ்சி இன்னும் சூடு ஆறவில்லை. அவர்களுக்கு இந்த ஒயினைக் கொடுத்தார்கள். அடுத்து 1718-ல், தீயில் அழிந்த மருத்துவமனையை மறுபடி கட்டத் தொடங்கியபோது. கடைசியாக 1944-ல், நாஜிகளிடமிருந்து நகரை மீட்ட ஜெனரல் லெக்லேருக்கு.

ஒயினைக் கெடுப்பது அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா. ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகராக மாற்றும். இதற்கும் ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். ஓக் பலகையின் நுண்துளைகள் வழியே ஒயின் சிறிது சிறிதாக ஆவியாவதால் பீப்பாயில் மட்டம் இறங்கும், மேலே காற்றுக்கு இடம் உண்டாகும். அதனால் அவ்வப்போது வேறு ஒயினை ஊற்றி மூடிவரை நிரப்ப வேண்டும். இந்த ஒயினின் கடும் புளிப்பும் நிலவறையின் மாறாத குளிர்ச்சியும் பாக்டீரியாக்களை மேலும் அடக்கி வைக்கின்றன.

ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு ஆவியாகி, அதே அளவு புதிதாக ஊற்றிக் கலக்கிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 550 ஆண்டுகள் கழித்து நூறு லிட்டரில் அரை லிட்டர்கூட அசல் 1472 மிஞ்சாது. அதனால் இது ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். நிரப்புவதை நீண்ட காலம் தவறவிட்டிருந்தால் மொத்தமும் வினிகராகியிருக்கக்கூடும். தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் வந்து மட்டத்தைப் பார்த்து நிரப்பியிருக்கிறார், அதுதான் இந்த ஒயினின் வயது. பழைய பீப்பாய் கசியத் தொடங்கியதால் 2015-ல் புதிய ஓக் பீப்பாய்க்கு மாற்றினார்கள்.

இதை வாங்க முடியாது. ஆனால் ஸ்ட்ராஸ்பர்க் இருக்கும் அல்சாஸ் வட்டாரத்து உற்பத்தியாளர்கள் தங்கள் ஒயினை இங்குள்ள மற்ற பீப்பாய்களில் சில மாதங்கள் பக்குவப்படுத்துகிறார்கள். அந்தப் பாட்டில்கள் அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கும். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ரகத்தின் ஒயின் நல்ல தேர்வு. மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை தடுத்துவிடுவதால் இந்தப் பக்கம் வறண்ட, வெயில் மிகுந்த நிலம். திராட்சை இலையுதிர் காலம் வரை கொடியில் நின்று நிதானமாகப் பழுக்கும், ரீஸ்லிங்கோ அப்படிப் பழுத்தும் புளிப்பை விட்டுக்கொடுக்காது. விற்பனையில் வரும் லாபத்தில் மருத்துவமனைக்குக் கருவிகள் வாங்குகிறார்கள்.