நோயெதிர்ப்பாற்றல் ஒடுக்கி

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர் நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்துகளுக்குப் பொதுப்பெயர் ‘இம்யூனோசப்ரசன்ட்’. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் தாதியும் மருந்தாளரும் அப்படித்தான் சொல்வார்கள். அதையே தமிழ் மட்டும் தெரிந்த அப்பாவுக்கோ பாட்டிக்கோ எடுத்துச் சொல்லும்போது ‘தடுப்பு மருந்து’ என்று சுருக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். தடுப்பு மருந்து நோயை எதிர்க்க உடலுக்கு உதவுவது. இதுவோ, பொருத்திய சிறுநீரகத்தை அயலானது என்று உடல் தாக்காமலிருக்க, உடலின் எதிர்ப்பையே குறைப்பது. உடம்பு தேறிவிட்டதே, இனி எதற்கு என்று நிறுத்தினால், பொருத்திய சிறுநீரகத்தையே இழக்க நேரலாம்.

‘இம்யூனிஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவர் என்று பொருள். ‘சப்ரஸ்’ என்பதன் வேர், கீழே அழுத்துதல். இம்யூனிட்டியை இலங்கைப் பாடநூல்கள் ‘நிர்ப்பீடனம்’ என்கின்றன. நமக்குப் பழகியது நோயெதிர்ப்பாற்றல். அதோடு ‘ஒடுக்கி’யைச் சேர்ப்பதே பொருத்தம் என்பேன். ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை. ஒலிபெருக்கி போல ஒடுக்கி.

ஒடுக்குமுறை என்ற சொல்லின் நிழல் இதில் விழுகிறதே என்று சிலர் தயங்கலாம். ஆனால் திருக்குறள் 486இல் வரும் ‘ஒடுக்கம்’, ஊக்கமுடையவன் காலம் பார்த்து அடங்கியிருப்பதைக் குறிக்கிறது; போரிடும் ஆட்டுக்கடா பாய்வதற்குமுன் பின்வாங்குவதோடு அதை ஒப்பிடுகிறார் வள்ளுவர். வலிமை அழியவில்லை, அடங்கி நிற்கிறது. இந்த மருந்துகள் செய்வதும் அதுதான். அதனால் ‘அழிப்பி’ தவறு, ‘தடுப்பி’ குழப்பம்.

எவ்வளவு ஒடுக்குவது என்பதே மருந்துமுறைகளை ஒப்பிடுவதன் சாரம். 1954இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் இந்தக் கேள்வியே எழவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகரு இரட்டையர். மற்றவர்களுக்கு 1960களில் அசத்தியோபிரினும் ஸ்டீராய்டும், 1980களில் சைக்ளோஸ்போரினும் வந்தன. 1984இல் ஜப்பானின் சுக்குபா மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. இன்று பரவலாகத் தரப்படுவது டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த முறை.

2007இல் வெளியான சிம்பனி ஆய்வு 1,645 பேரிடம் நான்கு முறைகளை ஒப்பிட்டது: வழக்கமான அளவு சைக்ளோஸ்போரின், குறைந்த அளவு சைக்ளோஸ்போரின், குறைந்த அளவு டாக்ரோலிமஸ், குறைந்த அளவு சிரோலிமஸ். நான்கிலும் மைக்கோபீனோலேட்டும் ஸ்டீராய்டும் உண்டு. குறைந்த அளவு டாக்ரோலிமஸ் எடுத்தவர்களுக்கே சிறுநீரகம் நன்றாக இயங்கியது, உறுப்பு நிராகரிப்பும் குறைவு. ஆனால் புதிதாக நீரிழிவு வந்தது அந்தக் குழுவில்தான் அதிகம். நீரிழிவு மிகுந்த சிங்கப்பூர் இந்தியர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் கேட்டுப் பேச வேண்டும். சைக்ளோஸ்போரினில் ஈறு வீக்கம், முடி வளர்ச்சி. டாக்ரோலிமஸில் கை நடுக்கம். சிறுநீரகம் காக்கக் கொடுக்கும் இவ்விரண்டுமே அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதுதான் கொடுமை.

அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அன்று காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகே விழுங்க வேண்டும். முன்பே விழுங்கினால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடுதலாகக் காட்டும். சீனப் புத்தாண்டுக்கு அண்டைவீட்டார் தரும் பம்ளிமாஸ் பழத்தையும் தவிர்க்க வேண்டும். அது டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும்.