எந்த டிரிப்? ஹார்டுவேர் வாலட் இயங்கும் விதமும் பன்னிரண்டு சொற்களும்

கடந்த ஐப்பசியில் ஓர் இரவு, குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு காகிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினான். நான் மலைக்குக் கீழே கம்பத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில், 1 முதல் 12 வரை எண்ணிட்டு, பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். ஏழாவது சொல் 'டிரிப்', பதினோராவது 'பேர்'. "அண்ணே, இது எந்த டிரிப்புன்னு எனக்கே மறந்துபோச்சு" என்று குரல்பதிவும் கூடவே வந்தது. சில நாள்களுக்கு முன் இடி விழுந்தபோது, கணினியோடு கம்பியில் இணைந்தபடியே கிடந்த அவனுடைய ஹார்டுவேர் வாலட், அதாவது பிட்காயின் என்னும் மின்னணுப் பணத்தின் சாவியைக் காக்கும் சின்னக் கருவி, கருகிப்போயிருந்தது. புதிதாக வாங்கிய கருவி, பழைய சொற்களை ஆங்கில எழுத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

கருவி கருகியதால் அவனுடைய பிட்காயின் எரிந்துவிடவில்லை. பெயரில் வாலட் என்று இருந்தாலும் அதற்குள் காசு எதுவும் கிடையாது. எந்த முகவரிக்கு எவ்வளவு உரியது என்ற கணக்கு, 2009 ஜனவரியிலிருந்து இன்றுவரை, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேடாக எழுதப்பட்டு வருகிறது. கருவிக்குள் இருப்பது ஓர் எண் மட்டுமே. அதுதான் இரகசியச் சாவி. 256 பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம்) நீளமுள்ள அந்த எண்ணைப் பத்தடிமானத்தில் எழுதினால் 78 இலக்கம் வரை போகும். நீள்வட்ட வளைகோடு என்னும் கணித அமைப்பில், எல்லாருக்கும் தெரிந்த ஒரு புள்ளியை இந்த எண்ணால் பெருக்கினால் பொதுச் சாவி கிடைக்கிறது. அதிலிருந்து முகவரி பிறக்கிறது. பெருக்குவது கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாத வேலை. ஆனால் விடையை வைத்துக்கொண்டு, எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளுக்கு எட்டக்கூடிய வழி எதுவும் கிடையாது.

பணத்தை அனுப்ப வேண்டுமானால் இரகசியச் சாவியால் ஒரு கையொப்பம் இட வேண்டும். சாவியை மடிக்கணினியிலேயே வைத்துக் கையொப்பமிட்டால், அந்தக் கணத்தில் அது கணினியின் நினைவகத்துக்குள் வந்தாக வேண்டும்; அங்கே ஏதேனும் வேவு நிரல் குடியிருந்தால் அத்தோடு கதை முடிந்தது. ஹார்டுவேர் வாலட் இந்த ஒரு கணத்தைத்தான் மாற்றுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பழைய மண்டிக் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். கதவிடுக்கில் தாள் உள்ளே போகும், கையெழுத்தோடு வெளியே வரும். அவரும் வர மாட்டார், அவருடைய பேனாவும் வராது. கணினி எழுதித் தரும் பரிமாற்ற விவரம் கம்பி வழியே கருவிக்குள் போகிறது. கருவி அதைத் தன் திரையில் காட்டி, பொத்தானை அழுத்தச் சொல்லி, கையொப்பத்தை மட்டும் திருப்பித் தருகிறது. பிராகாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2014இல் வெளியிட்ட டிரெஸார் முதல், இவ்வகைக் கருவிகளின் அடிப்படை இதுவே.

கருவி தொலையலாம், கருகலாம், குழந்தை தண்ணீரில் போட்டுவிடலாம் என்பதால்தான் பன்னிரண்டு சொற்கள். ஒரு நாணயத்தை 128 முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதிக்கொள்வதற்குச் சமமான வேலையைக் கருவி முதலில் செய்கிறது. அந்த 128 பிட்டுகளிலிருந்து கணக்கிட்ட 4 பிட் சரிபார்ப்பை வால்போல் ஒட்டினால் 132 பிட் ஆகிறது. அதைப் பதினொன்று பதினொன்றாக வெட்டினால் 12 துண்டுகள். 11 பிட்டுகளால் 2,048 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். ஆகவே 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து துண்டுக்கு ஒரு சொல். 2013இல் வகுக்கப்பட்ட இந்த முறையின் பெயர் பிப்-39. இச்சொற்களிலிருந்து வித்து எனப்படும் ஒரு மூல எண்ணும், அந்த வித்திலிருந்து எண்ணற்ற சாவிகளும் முகவரிகளும் கிளைக்கின்றன. ஆகவே தாள் எவர் கையில் இருக்கிறதோ பணமும் அவர் கையில்தான் இருக்கிறது. கருவி வெறும் வசதிக்காக.

அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்கள், முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே எந்தச் சொல்லையும் பிரித்தறியும்படி பார்த்துப் பொறுக்கினார்கள். ஜப்பானிய, கொரிய, பிரெஞ்சுப் பட்டியல்கள் உண்டு. அதிகாரபூர்வத் தொகுப்பில் தமிழ்ப் பட்டியல் இல்லை. ஆகவே ஆங்கிலச் சொல்லைத்தான் நாம் எழுதிவைக்கிறோம். அதைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது அவர்களுடைய கவனம் அத்தனையும் வீணாகிறது. வல்லினத்துக்கு நம்மிடம் ஒரே எழுத்து; அழுத்தியும் மென்மையாகவும் அதையே ஒலிக்கிறோம். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் சொட்டுநீருக்குப் போடுவதும் டிரிப், ஜீப்காரர் லோயர் கேம்ப்புக்கும் குமுளிக்கும் அடிப்பதும் டிரிப். இரண்டு சொற்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உலர்ந்தது என்று பொருள்படும் டிரை, முயன்று பார் என்று பொருள்படும் டிரை, இவ்விரண்டும் அப்படியே. மலையாள எழுத்தில் எழுதியிருந்தால் இந்த இணைகள் பிரிந்திருக்கும், ஏனென்றால் அங்கே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆனால் பேரிக்காயைக் குறிக்கும் சொல்லும் ஜோடியைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றேயாதலால் எல்லைக்கு அந்தப் பக்கமும் 'பேர்' குழப்பம் தீராது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், எண்ணிட்டு, வரிசை மாறாமல் எழுதுவது ஒன்றே வழி.

புதுக் கருவியை வாங்குவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தயாரிப்பாளரிடமோ அவர் அறிவித்த விற்பனையாளரிடமோ மட்டுமே வாங்க வேண்டும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று போகவே கூடாது. பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டோ சுரண்டும் அட்டையாகவோ வந்திருந்தால் அது மோசடி. அந்தச் சொற்களை வைத்தவன் நீங்கள் பணம் போடுவதற்காகக் காத்திருக்கிறான். சொற்கள் உங்கள் கண்முன் கருவியின் திரையில் பிறக்க வேண்டும். கருவியைத் திறக்கும் இரகசிய எண்ணையும் (PIN) நீங்களே வைக்க வேண்டும். சில கருவிகள் 3 முறை, சில 16 முறை தவறாக இட்டால் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். சொற்கள் பத்திரமாக இருந்தால் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. பலரும் தவிர்த்துவிடும் ஒரு படி உண்டு, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: பணம் போடுவதற்கு முன்பே கருவியை வேண்டுமென்றே அழித்து, தாளிலுள்ள சொற்களை இட்டு மீட்டுப் பார்த்து, முன்பு கண்ட அதே முகவரி வருகிறதா என்று ஒப்பிடுவது. தம்பி இதைச் செய்திருந்தால் இடி விழுவதற்கு வெகு முன்பே ஏழாவது சொல்லின் குறை தெரிந்திருக்கும்.

கருவியின் சின்னத் திரையை அலட்சியப்படுத்துவது இன்னொரு தவறு. நகலெடுத்து ஒட்டும் முகவரியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் நிரல்கள் உண்டு. கணினித் திரை பொய் சொல்லும்போது உண்மையைக் காட்டக்கூடியது கருவியின் திரை மட்டுமே. முதலும் கடைசியுமாக நான்கு எழுத்துகளைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், முழு முகவரியையும் படித்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். 2025 பிப்ரவரியில் பைபிட் என்னும் மின்னணுப் பணப் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் (பிட்காயின் போன்ற இன்னொரு மின்னணுப் பணம்) களவு போனபோது, கையொப்பமிட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட் இருக்கவே செய்தது. அவர்கள் பார்த்த இணையப் பக்கத்தை ஊடுருவிகள் மாற்றியிருந்தார்கள். கருவி காட்டிய சிக்கலான விவரமோ மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் இல்லை. கணக்குப்பிள்ளை தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பூட்டிய அறையால் என்ன பயன்?

தாளை எங்கே வைப்பது என்பதற்கு மலைநாட்டில் கூடுதல் கவலை. குமுளியின் மழைக்காலத்தில் அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கும்போது பேனா மை எத்தனை ஆண்டு நிற்கும்? துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்தைக் குத்திவைப்பது ஈரத்துக்கும் தீக்கும் தாங்கும். அதில் ஒரு பிரதி வீட்டிலும் ஒன்று வேறு ஊரிலும் இருப்பது நல்லது. ஆறு சொல் இங்கே, ஆறு சொல் அங்கே என்று பிரித்து வைப்பது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றினாலும், ஒரு பாதி தொலைந்தாலே எல்லாம் போய்விடும்.

அன்றிரவு நாங்கள் முயன்றவை நான்கு சேர்க்கைகள்: இரண்டு டிரிப், இரண்டு பேர். இரண்டைக் கருவி உடனே மறுத்தது. அந்த 4 பிட் வாலின் வேலை அது. ஆனால் தவறான சேர்க்கை பதினாறில் ஒன்று என்ற கணக்கில் அந்தச் சோதனையையும் தாண்டிவிடும். மூன்றாவது அப்படித்தான் தாண்டியது. வாலட் திறந்தது, இருப்பு பூஜ்யம். தொலைபேசியில் தம்பியின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. நான்காவதாக, தோட்டத்து டிரிப்பும் பேரிக்காயும் சேர்ந்தபோது பழைய முகவரிகள் வரிசையாக வந்தன.

வேலை அத்தோடு முடியவில்லை. படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாள் இனி இரகசியம் அல்ல. அது அவன் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும், இரண்டின் தானியங்கிச் சேமிப்பிலும் பதிந்துவிட்டது. இங்கே அந்தச் சொற்களை நான் எழுதத் துணிவதும், அவற்றுக்கு இப்போது எந்த மதிப்பும் இல்லை என்பதால்தான். நண்பரிடம் இரவல் வாங்கிய இன்னொரு கருவியை முற்றாக அழித்து, அதை இயக்கும் உள் நிரலான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றி, அதில் புதுச் சொற்களை உருவாக்கச் சொன்னேன். இந்த முறை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினான். அழித்து மீட்டுப் பார்த்தான். முதலில் நூறு ரூபாய்க்குச் சமமான சிறு தொகை போனது. அது புது முகவரியில் உறுதியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, முகவரியை எழுத்தெழுத்தாக எனக்குப் படித்துக்காட்டிவிட்டு, மீதியை அனுப்பினான். அப்போது மணி இரண்டே கால். கருவியைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டாயா என்று கேட்டேன், கழற்றப் போனான்.