செயின் அறுந்தால் பிரேக்கும் போய்விடும்

டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. கராஜ் பூட்ட முக்கால் மணித்தியாலம் இருந்தது. ரொறன்ரோவில் இருந்து ஒரு தமிழ் அண்ணை பழைய ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) ஒன்றை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, பிரேக் கொஞ்சம் இறங்கிப் போகுது. ஒயில் மட்டும் விட்டுத் தாங்கோ. நாளைக்குக் காலமை மகளோட ஏரிக்குப் போகவேணும்" என்றார்.

ஒன்ராறியோவில் மஸ்கோக்கா ஏரிகளின் பக்கம்தான் எங்கள் கராஜ். கோடையில் படகு எஞ்சினும் புல்வெட்டியும் பார்ப்போம். பனி விழத் தொடங்கினால் ஸ்னோமொபைல் மட்டும்தான். "ஒயில் மட்டும் விட்டுத் தாங்கோ" என்பது ஒவ்வொரு குளிர்காலமும் காதில் விழும் வாசகம். அதை அப்படியே செய்து காசை வாங்கிக்கொண்டு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

ஹாண்டிலில் இருந்த பிரேக் ஒயில் கிண்ணத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பிளேன்டீ நிறத்தில் கொஞ்சம் கிடந்தது. புது ஒயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். பிரேக் ஒயில் ஆவியாகிக் குறைவதில்லை. மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பிரேக் பாட், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை, தேய்ந்திருக்கிறது. பாட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் கீழே இறங்கும். அண்ணையின் வண்டியில் பாட் அதன் பின்னால் உள்ள இரும்புத் தகடு வரைக்கும் தேய்கிற நிலை. மேலே ஒயிலை ஊற்றியிருந்தால் மட்டம் சரியாகிவிடும், பாட் தேய்ந்த கதை மட்டும் மறைந்துவிடும்.

"அண்ணை, செயின் பெட்டியையும் ஒருக்கா திறந்து பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

"பிரேக்குக்கும் செயினுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பல வருடமாக வண்டி ஓடுகிறவர்களிலும் நிறையப் பேருக்கு இது தெரியாது.

காரில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் இருக்கிறது. எஞ்சினும் கியர்பெட்டியும் சும்மா கிடந்தாலும் சக்கரத்தை நிறுத்தலாம். ஸ்னோமொபைலில் முன்னால் இருப்பது இரண்டு பனிச்சறுக்குப் பலகை, அவை திருப்புவதற்கு மட்டும்தான். வண்டியை நிறுத்துவது பின்னால் உள்ள ரப்பர் ட்ராக். அந்த ட்ராக்குக்கு இருப்பது ஒரே ஒரு டிஸ்க் (பிரேக் தகடு), அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரே ஒரு கலிப்பர். அந்த டிஸ்க்கும் ட்ராக்கில் நேரே பூட்டியிருப்பதில்லை.

எஞ்சினின் விசை போகும் வழியைப் பாருங்கள். எஞ்சின் தண்டில் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரைமரி கிளட்ச். அதிலிருந்து ரப்பர் பெல்ட் வழியாக செக்கண்டரி கிளட்ச். அது மேல்தண்டைச் சுற்றுகிறது. மேல்தண்டின் மறுமுனையில் செயின் பெட்டி, அதற்குள் மேலே ஒரு பல்லுச் சக்கரம், கீழே ஒரு பல்லுச் சக்கரம், நடுவில் செயின். கீழ்ச்சக்கரம் கீழ்த்தண்டைச் சுற்ற, கீழ்த்தண்டு ட்ராக்கை இழுக்கிறது. சில மாடல்களில் பிரேக் டிஸ்க் கீழ்த்தண்டில் இருக்கும். ஆனால் ஓடுகிற பழைய வண்டிகளில் நிறையவற்றில் அது மேல்தண்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் நீங்கள் பிரேக் பிடித்தால் நிற்பது மேல்தண்டு. அதன் பிடியை ட்ராக்குக்குக் கொண்டுபோவது செயின். செயின் அறுந்தால் லீவர் கல்லுப் போல இறுக்கமாகவே இருக்கும், டிஸ்க்கும் நிற்கும், வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்தியும் பயனில்லை. அறுந்த செயின் சில நேரம் பெட்டிக்குள் சுருண்டு சிக்கி ட்ராக்கை ஒரேயடியாக இறுக்கிவிடும், அது இன்னொரு விதமான ஆபத்து.

பெல்ட் அறுந்தால் அப்படியில்லை. விசை போகும், பிரேக் இருக்கும். அதனால்தான் பெல்ட்டைப் பற்றி எல்லோரும் கதைக்கும்போது நான் செயினைப் பற்றிக் கதைக்கிறேன்.

அண்ணை சம்மதித்தார். பெட்டியைத் திறந்தோம். ஒயில் பால் கலந்த தேநீர் போல இருந்தது: தண்ணீர் சேர்ந்திருக்கிறது. காந்தம் வைத்த போல்ட்டைத் துடைத்தபோது துணியில் மெல்லிய சாம்பல் பசையோடு ஊசி போன்ற இரும்புச் சீவல்களும் வந்தன. சாம்பல் பசை எல்லா வண்டியிலும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். சீவல் வந்தால் ஏதோ தின்னப்படுகிறது என்று அர்த்தம். செயினைக் கழற்றிக் கழுவி விளக்கடியில் ஒவ்வொரு கண்ணியாகத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்துத் தகடு ஒன்று குறுக்கே வெடித்திருந்தது. மேல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளைந்து தேய்ந்திருந்தன. அண்ணை அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மகள் பின்சீற்றில் இருந்துதான் வருகிறவளாம்.

செயின் பெட்டிக்குத் தேவைப்படும் ஒயில் மிகக் குறைவு, பெரும்பாலான மாடல்களில் 250 முதல் 400 மில்லிலீற்றர் வரைதான். அவ்வளவு சிறிய அளவுதான் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் செயினையும் சக்கரங்களையும் பேரிங்குகளையும் காக்கிறது. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து பெட்டிக்குள் ஈரம் படியும். அதனால் ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நான் சொல்லும் காலம் வசந்தம், வண்டியை மூடி வைப்பதற்கு முன். தண்ணீர் கலந்த ஒயிலோடு 7 மாதம் நிற்கும் செயினில் துரு பிடிக்கும்.

இறுக்கத்தைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சின் நிறுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஒருவர் ட்ராக்கை அசையாமல் பிடிக்க, மற்றவர் மேல்தண்டு டிஸ்க்கைக் கையால் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். சில மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கலாம், சரியான அளவு உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். 'டக் டக்' என்று தாராளமாக ஆடினால் செயின் தளர்ந்துவிட்டது. இறுக்கும் போல்ட்டைத் திருக இடமே இல்லாமல் போயிருந்தால் செயின் நீண்டுவிட்டது, புதிதுதான் போட வேண்டும். அதற்காக வீணை நரம்பு போல இறுக்கவும் கூடாது. பேரிங் போய்விடும்.

சரி, பிரேக் ஒயிலுக்கு வருகிறேன். "மைனஸ் இருபதில ஓடுற வண்டிக்குச் சூடு எங்கயிருந்து வரும்?" என்று கேட்பார்கள். ஒரே ஒரு டிஸ்க், அதுவும் பெரும்பாலும் மூடிய கவசத்துக்குள், எஞ்சினின் பக்கத்தில். முழு வண்டியின் வேகமும் அந்த ஒரு தகட்டில்தான் சூடாக மாறுகிறது. டொட் 4 (DOT 4) வகைப் பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சும் இயல்புள்ளது. புதிதாக இருக்கும்போது அது கொதிக்கும் வெப்பநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 பாகை. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் அமுங்குவது அந்த ஆவிதான், பிஸ்டனுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஒரு முறை ஒரு இளைஞன் வந்தான். மதியச் சாப்பாட்டுக்காகச் சரிவில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் பூட்டியிருக்கிறான். திரும்பப் புறப்படும்போது விடுவிக்க மறந்துவிட்டான். இந்த வண்டிகளின் எஞ்சினுக்கு இருக்கும் பலத்தில் அந்தப் பிடி உணரப்படவே இல்லை. சில கிலோமீற்றரில் கருகல் மணம். நண்பனுடைய வண்டியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். அடுத்த இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது லீவர் கைப்பிடியில் போய் முட்டியது. ஓரத்துப் பனிக்குவியல் காப்பாற்றியது. இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதன் பிறகு நடந்ததுதான். அரை மணித்தியாலம் நின்று ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி லீவர் பழையபடி இறுக்கமாகிவிட்டது. "இப்ப சரியாயிட்டுது" என்று அவன் அன்று பின்னேரம் வரைக்கும் ஓடியிருக்கிறான். எங்களிடம் வந்தபோது டிஸ்க் நீலம் பூத்திருந்தது. பாட் கண்ணாடி போல வழுவழுப்பு. கலிப்பரின் ரப்பர் வளையங்கள் இறுகிக் கிடந்தன, பக்கத்துப் பேரிங்கின் கிரீஸ் உருகி வெளியே வழிந்திருந்தது. இவ்வளவும் மாற்ற வேண்டி வந்தது. ஒருமுறை லீவர் அப்படி இறங்கினால், ஆறிய பிறகு அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். டொட் 5 என்பது சிலிக்கோன், அதை டொட் 4 உடன் கலக்கவே கூடாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் டொட் 5.1 வேறு, அது டொட் 4 இன் குடும்பம். மைனஸ் 40 பாகையில் டொட் 4 தடித்துப் போகலாம் என்று தரவிதி அனுமதிக்கும் அளவில் பாதிதான் டொட் 5.1 க்கு. கடும் குளிருள்ள இடத்தில் ஓடுகிறவர்கள், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், அதைப் போடலாம். போன வருடம் திறந்து வைத்த போத்தலை மட்டும் பாவிக்காதீர்கள். மூடியிருந்தாலும் அதற்குள் ஈரம் புகுந்திருக்கும்.

மாற்றும்போது ஹாண்டிலைத் திருப்பி, கிண்ணம் மட்டமாக நிற்கும்படி வையுங்கள். சுற்றிலும் ஈரத்துணி போட்டு மூடுங்கள், இந்த ஒயில் பெயின்ற்றையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். கலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிளில் உள்ளே தெரிகிற மெல்லிய குழாய் மாட்டி, லீவரை மெதுவாக இழுத்துப் பிடித்து, நிப்பிளைக் கால் திருப்புத் திறந்து, மூடிய பிறகே லீவரை விடுங்கள். கிண்ணம் வற்ற விட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு எடுத்தும் லீவர் பஞ்சு போல இருந்தால் காற்று பெரும்பாலும் மேலே, கிண்ணத்துக்குக் கிட்டத்தான் மாட்டியிருக்கும். லீவரை இழுத்துக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள், சிறு குமிழிகள் தானாக மேலே ஏறிவிடும். குழாயைக் கழற்றியிருந்தால் செப்பு வாஷர்கள் புதிதாகப் போட வேண்டும், பழசைத் திருப்பிப் போட்டுக் கசிந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. விளிம்பில் நூல் பிரிந்திருந்தால், பக்கங்கள் பளபளத்திருந்தால், அகலம் கையேட்டு அளவுக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். அம்புக்குறியைக் கவனித்துப் போடுங்கள். கிளட்ச் தகடுகளில் எந்த ஸ்பிரேயும் எண்ணெயும் படக் கூடாது. பெல்ட் வழியில் வெடித்திருந்தால் அதன் நூல்கள் தண்டைச் சுற்றி சீல்களுக்குள் புகுந்திருக்கும். புதுப் பெல்ட் போட முன் கடைசி நூலையும் பிடுங்கி எடுங்கள். இன்னொன்று: எஞ்சின் வேகம் குறைந்து பிரைமரி கிளட்ச் பிடியை விட்டவுடன் எஞ்சினால் வண்டியை இழுத்துப் பிடிக்க முடியாது. நீண்ட இறக்கத்தின் கடைசிப் பகுதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான்.

கீழ்த்தண்டில் ட்ராக்கை இழுக்கும் பல்லுச் சக்கரத்துக்கு ஒரு கதை உண்டு. கியூபெக்கின் வல்கோர் ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக், 1934 குளிர்காலத்தில் பனியால் பாதை மூடியதால் தன் சின்ன மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் இழந்தார். 1937 இல் அவர் காப்புரிமை பெற்றது ரப்பர் பூசிய பல்லுச் சக்கரமும் ட்ராக்கும் சேர்ந்த அமைப்புக்கு. அந்தச் சக்கரத்தைக் கழுவும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவு வரும்.

வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெல்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை முறுக்காதீர்கள். வெடிக்கும் பெல்ட் எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பின்பக்கத்தைத் தூக்கி வைத்து ட்ராக்கை ஓடவிடும்போது பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள். ட்ராக்கில் இருக்கும் இரும்பு ஆணியும் பனிக்கட்டியும் பின்னால்தான் எறியப்படும். பிரைமரி கிளட்சின் மூடிக்குள் பலமான ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. உரிய கருவி இல்லாமல் அதைத் திறக்கவே வேண்டாம்.

அண்ணை அந்தச் சனிக்கிழமை ஏரிக்குப் போகவில்லை. செயினும் இரண்டு சக்கரங்களும் செவ்வாய்க்கிழமைதான் வந்தன, புதன் பின்னேரம் வண்டியைக் கொடுத்தோம். கராஜின் பின்வளவில் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு ட்ரெய்லரில் ஏற்றினார். பழைய செயினைக் கேட்டு வாங்கிக்கொண்டார், அதே மாடல் வைத்திருக்கும் மைத்துனருக்குக் காட்ட வேண்டுமாம். அடுத்த கிழமை மைத்துனரும் வந்தார். அவருடைய செயின் நன்றாகத்தான் இருந்தது. பிரேக் ஒயில் மட்டும், வாங்கிய நாளில் இருந்து மாற்றப்படாமல், கறுத்துக் கிடந்தது.